கொலைகாரனை மாற்றிய மருமகள்

பல் மருத்துவமனையில் அவளுக்கு வேலை, நோயாளியின் வாயில் ஊறும் எச்சிலை உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பது. அதனால் எல்லோருக்கும் அவள் குழாயக்கா. எச்சிலுக்கும் இரத்தத்துக்கும் முகம் சுளிக்காத அந்த மனுஷி, ஒரு துப்பறியும் நாவலால் சில நாளாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் விரும்பிப் படிக்கும் எழுத்தாளர். புதுப் புத்தகம் வந்த அன்றே வாங்கி, அடுப்பில் பாலைப் பொங்கவிட்டுப் படித்தாள். கொலை செய்தது டிரைவர்தான் என்று பாதியிலேயே கண்டுபிடித்தும் விட்டாள். ஈரக் குடை, காணாமல் போன கையுறை, பொய் சொன்ன பெண்டாட்டி, எல்லாம் அவனைத்தான் காட்டின. கடைசி அத்தியாயத்தில், செத்தவரின் இரட்டைச் சகோதரன் கப்பலில் வந்து இறங்கி, "நான்தான்" என்று ஒப்புக்கொண்டான். முன்பே ஒருமுறை ரகசியமாக வந்து கொன்றுவிட்டுப் போனானாம். அதுவரை அப்படி ஒருத்தன் பிறந்ததாகவே எழுத்தாளர் மூச்சு விடவில்லை.

அன்றோடு அவள் வாயில் எழுத்தாளர் 'அவர்' போய் 'அவன்' ஆனார். அன்பு வைத்தவர்கள் மன்னித்துவிடுவார்கள் என்பது அன்பே வைக்காதவர்கள் கிளப்பிவிட்ட வதந்தி.

முதலில் மாட்டியது அதே புத்தகத்தோடு வந்த ஒரு நோயாளி. அகலத் திறந்த வாயோடு அவர் சாய்ந்திருக்கையில் குழாயக்கா காதருகே குனிந்தாள்.

"இரட்டைப் பிறவித் தம்பிதான் கொலைகாரன், சார்."

"ஆ… ஆ…!"

"வலிக்குதா?" என்று பதறிய டாக்டர் இன்னொரு ஊசியைப் போட்டார்.

இப்படிப் பல வாசகர்கள் மரத்துப்போனார்கள். அவளுக்குத்தான் ஆறவில்லை. அவனுக்கு வலிக்க வேண்டுமானால், அவனைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் ஆளைப் பறிக்க வேண்டும். அந்த ஆள் வீட்டிலேயே இருந்தாள்.

மாமியார், ஓய்வுபெற்ற தொலைபேசி ஆபரேட்டர். உப்பில் தொடங்கினாலும் திரைச்சீலையில் தொடங்கினாலும் இருவர் பேச்சும் சண்டையில்தான் முடியும். ஒத்துப்போனது அந்த எழுத்தாளர் விஷயத்தில் மட்டும். தினம் ஓர் அத்தியாயம் என்று மிச்சம் பிடித்துப் படித்துவந்த மாமியார் முடிவை நெருங்கியபோது, குழாயக்கா கடைசி அத்தியாயத்தைக் கிழித்து மருத்துவமனைக் குப்பையில் போட்டாள். அவன் முடிவு இந்த வீட்டில் செல்லாது; அவளுடையதுதான் செல்லும்.

"பைண்டிங் சரியில்ல அத்தை, கழண்டு குப்பையோட போயிடுச்சு. நான்தான் படிச்சிருக்கேனே, சொல்றேன் கேளுங்க."

துணி மடித்தபடியே டிரைவரைப் பிடித்து, ஈரக் குடையை வைத்தே மடக்கி, உள்ளே தள்ளினாள். மாமியார் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

"அடப்பாவி! அதுக்குத்தான் அவன் பெண்டாட்டி கையுறையை எரிச்சாளா! என்ன மூளைடி அவருக்கு! உனக்கு அதுல கால்வாசி இருந்திருந்தா என் பிள்ளை எங்கேயோ போயிருப்பான்."

குழாயக்கா கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள். "அது அவன் எழுதினதில்ல அத்தை. நான் சொன்னது."

"ஆமா, வானத்துல நிலாவை மாட்டிவிட்டதும் நீதானே! துணியை மடி."

சாட்சி குப்பையோடு போய்விட்டது. அன்று மாலையே கடைக்குப் போய் இன்னொரு பிரதி வாங்கினாள். பழிவாங்கப் புறப்பட்டவள் எதிரிக்கே மறுபடியும் கூலி கொடுக்கிறோம் என்று வழியெல்லாம் பல்லைக் கடித்தாள். பல்லைக் கடித்தால் என்ன ஆகும் என்று தினமும் பார்ப்பவள்.

மாமியார் கடைசி அத்தியாயத்தைப் படித்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தாள்.

"கப்பலா?"

"கப்பல்தான்."

"இவனுக்காகவாடி இத்தனை வருஷம் கண்ணைக் கெடுத்துக்கிட்டேன்?"

மாமியார் வாயிலும் 'இவன்' வந்துவிட்டது. குழாயக்கா அதை ஆசை தீர ரசித்தாள்.

"கிடக்கான் விடு," என்று மாமியார் புத்தகத்தைத் தள்ளினாள். "அந்த டிரைவர் பெண்டாட்டி என்னடி ஆனா? தப்பிச்சாளா, மாட்டினாளா? நீ சொல்லவே இல்லையே."

பதில் நாக்கு நுனியில் இருந்தது. கூடவே, இந்த வீட்டில் கால் வைத்த நாள் முதல் கேட்ட ஏச்சுப் பேச்செல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன.

"நாளைக்குச் சொல்றேன், அத்தை," என்று எழுந்து உள்ளே போனாள்.

"அடிப்பாவி! இப்பவே சொல்லிட்டுப் போடி!"