கும்பல் இல்லாத செவ்வாய்க்கிழமை

நைனார்பாளையம் பக்கத்தில் நிலம் வைத்திருக்கிற யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், தைலம்மாளின் போன் நம்பர் மனப்பாடமாக இருக்கும். களை எடுக்க, நடவு நட, மக்காச்சோளம் உடைக்க என்று எதற்கு ஆள் வேண்டுமானாலும் முதல் போன் அவளுக்குத்தான். அவளுக்கென்று ஒரு காணி நிலம் கிடையாது. ஆனால் ஊரில் யார் காட்டில் என்ன வேலை, எந்த வீட்டில் யார் சும்மா இருக்கிறார்கள் என்பதெல்லாம் அவள் விரல் நுனியில்.

பொழுது விடிவதற்குள் தெருவில் இறங்கிவிடுவாள். ஒவ்வொரு வாசலிலும் நின்று ஒரு சத்தம் போடுவாள். "எழுந்தியா? வர்றியா, வேற ஆளப் பாக்கட்டுமா?" காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுத்திருப்பவள்கூட அந்தச் சத்தத்துக்கு எழுந்து தலையை முடிந்துகொள்வாள். வேற ஆள் என்ற வார்த்தைக்கு அப்படி ஒரு சக்தி.

பெண்கள் எல்லாரும் தீனதயாளனின் குட்டியானை வண்டியில் ஏறி நெருக்கியடித்து உட்கார்ந்த பிறகு, தைலம்மாள் பின்பலகையைத் தூக்கிக் கொக்கியை மாட்டுவாள். பலகையில் இரண்டு தட்டு தட்டுவாள். "ரைட்!" என்பாள். பிறகு நிதானமாக நடந்து போய் முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொள்வாள். அவள் ஏறும்வரை தீனதயாளன் காத்திருப்பான், பழகியவன். எல்லாரையும் ஏற்றிவிட்டுக் கடைசியில்தான் தான் ஏறுவது என்பது அவளுக்கு மூச்சு விடுவது மாதிரி ஆகிவிட்டது.

இப்படி ஊரையே ஏற்றிவிடுகிற மகராசி, ஐம்பதைத் தொடப்போகிற இந்த வயது வரைக்கும் ராட்டினத்தில் ஏறியதில்லை! சொன்னால் நம்பமாட்டீர்கள். கள்ளக்குறிச்சியில் பொருட்காட்சி போட்டால் போவாள். திருக்கோவிலூரில் திருவிழா என்றால் போவாள். கல்வராயன் மலையில் கோடை விழாவுக்கும் போனாள். போன இடத்திலெல்லாம் ராட்டினத்துக்குக் கீழே நின்று, ஏறினவர்களின் பை, செருப்பு, போன், கைக்குழந்தை எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருப்பாள். அவர்கள் இறங்கி அவள் முறை வருவதற்குள் வரிசை நீண்டுவிடும், கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். "இன்னா எழவு கும்பல்டி இது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவாள். உள்ளுக்குள் மட்டும் ஆசை அப்படியே இருந்தது.

போன காணும் பொங்கலுக்குத் தைலம்மாளிடம் வேலைக்கு வரும் பெண்கள் செட்டு முழுக்க வேன் வைத்துக்கொண்டு திண்டிவனம் தாண்டி ஒரு தீம் பார்க்குக்குப் போனது. காணும் பொங்கலன்று! தமிழ்நாட்டில் கால் உள்ளவர்கள் எல்லாம் வெளியே கிளம்புகிற நாளில்! ராட்டின வரிசை ஐஸ்கிரீம் கடையைச் சுற்றி, கழிப்பறையைச் சுற்றி, கார் நிறுத்துமிடம் வரைக்கும் நின்றது. ஒன்றிலும் ஏறாமல், வெயிலில் வெந்து, தண்ணீர் பாட்டில் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பினார்கள்.

செட்டில் இரண்டாவது ஆள் குஞ்சம்மாள். தைலம்மாளோடு ஒரே வயது, ஒரே தெரு, வாய் மட்டும் நாலு ஆளுக்கு. களையெடுக்கும்போதெல்லாம் அந்தப் பயணத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

"இவள நம்பிப் போனா ராட்டினம் பாக்க முடியாது, கும்பல்தான் பாக்கலாம்."

தைலம்மாளுக்குச் சுருக்கென்று இருக்கும். இன்னொரு முறை கூட்டிப்போய் எல்லாரையும் ஏற்றி, தானும் ஏறாவிட்டால் பார் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டாள்.

சித்திரை முடிவதற்குள் வேலையை ஆரம்பித்தாள். சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கள்ளக்குறிச்சியில் செல்போன் கடையில் வேலை பார்க்கும் மகள் ரம்யாவையும் பக்கத்தில் உட்கார வைத்தாள். வைகாசி முழுக்க முகூர்த்தம், அதனால் ரோடு நெறயும், வேண்டாம். பள்ளிக்கூடம் திறக்கும்வரை பிள்ளைகள் கும்பல், வேண்டாம். ஆடி பிறந்தால் விதைப்பு, தங்களுக்கே ஒழியாது. மிச்சம் இருப்பது ஆனி. நோட்டுப் புத்தகம், யூனிபார்ம் என்று ஊரே வாங்கிக் களைத்துப்போய் உட்கார்ந்திருக்கும் நேரம்.

ரம்யா போனில் அந்தப் பார்க்கின் பெயரைப் போட்டுக் காட்டினாள். எந்தக் கிழமை எவ்வளவு கூட்டம் என்று குட்டை நெட்டையாகக் கோடுகள்.

"செவ்வாய்க்கிழமைதாம்மா இருக்கிறதுலயே கம்மி."

"செவ்வாய்க்கிழமை எவன் கெளம்புவான்?" என்றபடி தைலம்மாள் காலண்டர் தாள்களைப் புரட்டினாள். ஒரு தாளில் கை நின்றது. முகம் மலர்ந்துபோனது. "இங்க பாருடி, அஷ்டமியும் சேந்து வருது!"

நல்ல காரியத்துக்கு யாரும் கிளம்பாத கிழமை, யாரும் கிளம்பாத திதி. கோயிலுக்குப் போகிறவன்கூட பைரவர் சன்னதிக்குத்தான் போவான், பார்க்குக்கு வரமாட்டான். கும்பலை ஜெயிக்க இதைவிட ஒரு நாள் கிடைக்குமா?

செட்டில் சொன்னபோது பெண்கள் மார்பில் கை வைத்துக்கொண்டார்கள்.

"அஷ்டமியில வண்டி ஏறுறதா? இன்னா தைலம்மா, எங்கள உசுரோட கூட்டிக்கினு வர்ற உத்தேசம் இருக்குதா, இல்லையா?" என்றாள் குஞ்சம்மாள்.

அதற்கும் வழி வைத்திருந்தாள் தைலம்மாள். கெட்ட நாளில் பயணம் தவிர்க்க முடியாவிட்டால், முதல் நாளே நல்ல நேரம் பார்த்துப் பையை எடுத்துக் கொண்டுபோய் வேறு வீட்டில் வைத்துவிடுவது ஊர் வழக்கம். பை கிளம்பிவிட்டால் ஆள் கிளம்பிய கணக்கு. அப்படியே திங்கட்கிழமை சாயந்திரம் நல்ல நேரத்தில் செட்டின் பைகள் அத்தனையும் தைலம்மாள் வீட்டுக்குப் புறப்பட்டு வந்தன. தைலம்மாளின் பை மட்டும் குஞ்சம்மாள் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.

மறுநாள் பார்க்கின் வாசலில் வேன் நின்றபோது தைலம்மாளுக்குக் கண்ணை நம்ப முடியவில்லை. வரிசை கட்டுவதற்குப் போட்டிருந்த கம்பி வளைவுகளுக்குள் ஒரு நாய் நீட்டிப் படுத்திருந்தது. டிக்கெட் கொடுப்பவர் இவர்களைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார்.

"பாத்தியாடி? பாத்தியா?" என்று குஞ்சம்மாளின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள் தைலம்மாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேராக ராட்டினத்துக்கு நடந்தாள். ஓட்டமும் நடையும் என்றே சொல்லலாம். பின்னால் செட்டு.

ராட்டினம் வானத்தை முட்டிக்கொண்டு நின்றது. நின்றது என்றால் நின்றேதான் இருந்தது. கீழே நாற்காலியில் நரைத்த மீசைக்காரர் ஒருவர் காது குடைந்துகொண்டிருந்தார்.

"ஓட்டுங்க சார், வந்துட்டோம்" என்றாள் தைலம்மாள்.

அவர் இவர்களை ஒரு பார்வை பார்த்தார். "இவ்ளோதானா? இன்னும் இத்தினி பேராச்சும் வேணும்மா. ஒரு பக்கம் ஆளு, ஒரு பக்கம் காலின்னா பாரம் ஒரே பக்கமா இழுக்கும். பாதித் தொட்டியாவது நெறஞ்சாத்தான் நான் பட்டனத் தொடுவேன்."

குஞ்சம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கும்பல் ஜாஸ்தின்னாலும் ஏற முடியல, கும்பல் கம்மின்னாலும் ஏற முடியல! உன் தலையெழுத்த எந்த காலண்டர்ல போட்டிருக்குதுடி?"

தைலம்மாளுக்கு முகம் சுண்டிப்போனது. ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு இவள் பேச்சை நம்பி வந்தவர்கள். ராட்டினம் ஏறாமல் இன்றைக்கும் திரும்பினால் நாளைக்கு எந்த முகத்தோடு வாசலில் போய் நின்று சத்தம் போடுவது? அதைவிட, தலைக்கு மேலே அந்தத் தொட்டிகள் காலியாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அதுதான் தாங்கவில்லை.

சுற்றும் முற்றும் பார்த்தாள். தூரத்தில் ஒரு புங்க மரத்தடியில் ஒரு கூட்டம் கூடைகளோடு உட்கார்ந்து பலாச்சுளை தின்றுகொண்டிருந்தது. ஆள் வேண்டும் என்றால் தைலம்மாளுக்குக் கால் சும்மா இருக்காது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்துக்காரர்கள். மேல்மலையனூருக்கு வேண்டுதலுக்குப் போய்விட்டு, அப்படியே இதையும் எட்டிப் பார்க்க வந்திருந்தார்கள். அழைத்து வந்தவர் சின்னக்கண்ணு, தலைப்பாகை கட்டிய பெரியவர்.

"கும்பல் இருக்காதுன்னு சொன்னாங்க, அதான் நாங்களும் இன்னிக்கு வந்தோம்" என்றார் அவர்.

"நீங்களுமா!" என்று தைலம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "சரி, எழுந்திருங்க. ராட்டினத்துக்கு ஆளு பத்தல."

"எங்களுக்கு வாணாம்மா. நாங்க குடியிருக்கிறதே மேலதான். கீழ பாக்கணும்னா வூட்டு வாசல்ல நின்னா போதும். அதுக்கு ஒரு ராட்டினமா?"

"உங்க மலை சுத்துமாங்க?"

சின்னக்கண்ணு யோசித்தார். "சுத்தாது."

"இது சுத்தும். வர்றீங்களா, வேற ஆளப் பாக்கட்டுமா?"

வேற ஆள் என்று சொல்லிக்கொள்ள அந்தப் பார்க்கில் நாய்தான் இருந்தது. ஆனாலும் அந்தச் சத்தம் வேலை செய்தது. மலைக்காரப் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டார்கள்.

"கூடைய யாரு பாத்துக்குவாங்க?" என்றாள் ஒருத்தி.

"நான் இருக்கேன் இல்ல, குடுங்க" என்று கையை நீட்டினாள் தைலம்மாள்.

அவ்வளவுதான், கை தன் பாட்டுக்கு வேலையை ஆரம்பித்துவிட்டது. கூடை, பை, செருப்பு எல்லாவற்றையும் வாங்கி ஓரமாக அடுக்கினாள். பாரம் சமமாக வரும்படி இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் நாலு பேர் என்று மீசைக்காரருக்கே வேலை வைக்காமல் ஏற்றினாள். பயந்தவளின் முதுகில் தட்டினாள். சின்னக்கண்ணுவின் தலைப்பாகையை இறுக்கிக் கட்டச் சொன்னாள். கடைசித் தொட்டியிலும் ஆள் ஏறியாயிற்று. தைலம்மாள் இரும்புக் கதவைச் சாத்திக் கொக்கியை மாட்டினாள். கதவில் இரண்டு தட்டு தட்டினாள்.

"ரைட்!"

மீசைக்காரர் பட்டனை அமுக்கிவிட்டார்.

குஞ்சம்மாள் இருந்த தொட்டி மேலே கிளம்பியது. அவளுக்கு எதிரே, தைலம்மாளுக்கென்று விட்டிருந்த இடம் காலியாகப் போய்க்கொண்டிருந்தது.

"ஏய்! தைலம்மா! நீ எங்கடி?"

தைலம்மாள் கதவுக்கு வெளியே நின்றாள். கையில் ஒரு ஜோடி செருப்பு. மீசைக்காரர் பதறிப்போனார். "நீங்கதானம்மா ரைட்டுன்னீங்க! நடுவுல நிறுத்தக் கூடாது, இனி இந்த ரவுண்டு முடியட்டும்."

மேலே ஒரே கூச்சல், சிரிப்பு, மாரியாத்தா பெயர். தைலம்மாளுக்கு அழுகை வந்தது. வெட்கமாக இருந்தது, தன் மேலேயே ஆத்திரமாகவும் இருந்தது. எந்தக் கும்பலும் இன்றைக்கு அவளைத் தடுக்கவில்லை. தானே கதவைச் சாத்தி, தானே கொக்கி போட்டுக்கொண்டாளே! கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரிந்த கூடையை நிமிர்த்தி வைத்தாள்.

சுற்று முடிந்து எல்லாரும் இறங்கினார்கள். சின்னக்கண்ணு ஒரு கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "போதும்டா சாமி. மலை சுத்தாம இருக்கிறதே நல்லது."

"நீ ஏறலியே தைலம்மா" என்றார்கள் பெண்கள்.

"எனக்குத் தல சுத்தும்டி. நீங்க ஏறுனதே போதும், வாங்க, சோறு துன்னலாம்" என்று பையைத் தூக்கினாள்.

குஞ்சம்மாள் அவள் முகத்தையே பார்த்தாள். சிரிக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கூடைகளோடு மரத்தடிக்குத் திரும்பிவிட்ட மலைக்காரர்களிடம் போனாள். தைலம்மாளின் குரலிலேயே ஒரு சத்தம் போட்டாள்.

"எழுந்தியா? வர்றியா, வேற ஆளப் பாக்கட்டுமா?"

"தாயே, உள்ள போன பலாச்சுளை இன்னும் சுத்திக்கினு இருக்குது, வுட்டுடு" என்று கும்பிட்டார் சின்னக்கண்ணு.

"அங்க பை புடிச்சிக்கினு நிக்கிறா பாருங்க. நம்ம எல்லாரையும் ஏத்திவுட்டது அவதான். அவ ஏறலீங்க. இன்னிக்கு மட்டும் இல்ல, என்னிக்குமே ஏறுனதில்ல."

சின்னக்கண்ணு எட்டிப் பார்த்தார். பிறகு அவிழ்ந்து கிடந்த தலைப்பாகையை எடுத்து இறுக்கிக் கட்டினார். "அப்ப ஏறித்தான் ஆவணும். எழுந்திருங்கடா."

கூட்டம் கூடைகளோடு திரும்பி வருவதைப் பார்த்துத் தைலம்மாள் திகைத்துப்போனாள். "நீங்கல்லாம் ஏறுங்க, நான் கடைசியா..."

"கடைசியாவது, கத்திரிக்காயாவது! மொதல்ல நீ ஏறு" என்று குஞ்சம்மாள் அவளை முதல் தொட்டியில் தள்ளி, தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"பையெல்லாம்?"

"பைக்கு இன்னா கால் முளைச்சிருக்குதா? கெடக்கட்டும்."

எல்லாரும் ஏறினார்கள். கதவை மீசைக்காரரே சாத்தினார். ஆனால் பட்டனை அமுக்காமல் தைலம்மாளையே பார்த்துக்கொண்டு நின்றார். "நீங்க சொன்னாத்தாம்மா ஓட்டுவேன்."

நாள் தவறாமல் அவள் சொல்கிற வார்த்தை வரமாட்டேன் என்றது. குஞ்சம்மாள் விலாவில் ஓர் இடி இடித்தாள்.

"ரைட்!"

தொட்டி தரையை விட்டது. மற்றத் தொட்டிகள் கீழே போயின, புங்க மரம் போனது, ஐஸ்கிரீம் கடையின் தகரக் கூரை போனது. உச்சிக்கு வந்தபோதுதான் தைலம்மாள் நேர் கீழே குனிந்து பார்த்தாள். கீழே கதவோரம் அவள் எப்போதும் நிற்கிற இடம் தெரிந்தது. பைகளும் கூடைகளும் செருப்புகளும் குவிந்து கிடந்தன. பக்கத்தில் ஒருத்தரும் இல்லை.

"ஏய் குஞ்சம்மா, அங்க யாருமே இல்லடி!" என்று கத்தினாள். கத்தியவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள்.

இரண்டு தொட்டி தள்ளிச் சின்னக்கண்ணுவின் குரல் காற்றில் வந்தது. "நிறுத்தச் சொல்லும்மா! நீ சொன்னாத்தான் அந்தாளு கேப்பாரு!"

கீழே மீசைக்காரர் பட்டனில் கை வைத்தபடி, போதுமா என்று தலையை ஆட்டிக் கேட்டார். தைலம்மாள் அதைப் பார்த்தாள். பார்க்காதவள் மாதிரி முகத்தை வானத்துப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.