பூஜை அலமாரியின் கீழ்த்தட்டு

மொசாம்பிக்கில் நாங்கள் குடியிருந்த ஊருக்குள் ஆறு புகுந்த அன்று, நான் மாவு மில்லில் மெஷின்களை உயரத்தில் ஏற்றிக்கொண்டிருந்தேன். வீட்டில் மனைவி மட்டும்தான். இரண்டாம் நாள் முழங்கால் தண்ணீரில் நடந்து போய்ச் சேர்ந்தேன். வீட்டு ஓனரின் மாடியில் ஒண்டியிருந்தாள். டிவி, அரிசி மூட்டை, மிக்சி, என் பழைய செருப்பு முதற்கொண்டு எல்லாவற்றையும் அங்கே ஏற்றியிருந்தாள். கெட்டிக்காரிதான் என்று நினைத்துக்கொண்டே பாஸ்போர்ட்டைக் கேட்டேன். கீழே கை காட்டினாள்.

பாஸ்போர்ட்டுகள் கீழே, பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தன. சாமி பார்த்துக்கொள்ளும் என்று அங்கே வைத்தவன் நான்தான். ஊரிலிருந்து கிளம்பும்போது அப்பா அம்மன் சன்னதிக் குங்குமத்தைப் பொட்டலம் மடித்து என் பாஸ்போர்ட்டுக்குள் வைத்திருந்தார். ஓடிப்போய் எடுத்துப் பார்த்தால், விசா பக்கமெல்லாம் சிவப்புக் கூழ்.

"அத மட்டும் ஏண்டி விட்ட?"

"நான் வீட்டுக்குத் தூரம். சாமி அலமாரிய எப்படித் தொடுவேன்? போன மாசம் திரி எடுத்ததுக்கே கத்துனீங்களே."

கத்தியது உண்மைதான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் அன்று வந்தது வெறும் கோபம் இல்லை, பயம். ஊரில், வேங்கிக்கால் வீட்டில் இருந்த அப்பாவுக்கு அடுத்த வாரம் பைபாஸ் ஆபரேஷன். தள்ளிப்போடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் வந்து நின்றால்தான் ஆபரேஷனுக்குப் படுப்பேன் என்று அப்பா ஒற்றைக் காலில் நின்றார். அந்தப் பயத்தையெல்லாம் அவள் தலையில் கொட்டினேன். அப்பாவுக்கு ஏதாவது ஆனால் நீதான் காரணம் என்றுகூடச் சொன்னேன். அவள் அழவில்லை. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கீழே போய்ச் சேற்றைத் தள்ள ஆரம்பித்தாள்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமாக, பாஸ்போர்ட்டைக் கைப்பிடிச் சுவரில் விரித்துக் காய வைத்தேன். காயக் காயத் தாள்கள் அப்பளமாகச் சுருண்டன. புதிதாக வாங்கத் தலைநகரில் உள்ள தூதரகத்துக்குப் போக வேண்டும். பாலம் உடைந்து சாலை துண்டாகிக் கிடந்தது. மூன்று நாள் அப்பாவின் போனை எடுக்கவில்லை. நான்காம் நாள், வேறு வழியில்லாமல், நடந்ததை அப்படியே சொன்னேன்.

தூரமானவள் சாமி அலமாரியைத் தொடக்கூடாது என்ற கட்டுப்பாடே அவர் வீட்டிலிருந்து நான் கொண்டுபோனதுதான்.

"சரி, விடு. உங்க அக்கா கீழ்பென்னாத்தூர்லருந்து வந்துட்டா. நாளைக்கே ஆஸ்பத்திரியில சேர்ந்துக்கறேன். நீ ரோடு விட்டப்புறம் மெதுவா வா," என்றார். பிறகு, "மருமவள ஒண்ணும் சொல்லிடலயேடா? பாவம், நம்ம வூட்டு வழக்கத்தத்தான காப்பாத்திச்சு."

"இல்லப்பா, ஒண்ணும் சொல்லல."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. சுவரில் சேறு வழித்துக்கொண்டிருந்த அவள் கை ஒரு கணம் நின்றது. திரும்பிப் பார்க்காமல் மறுபடி வழித்தாள்.

அப்பா பிழைத்து வீடு திரும்பிவிட்டார். அவளிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.