பன்னிரண்டு ஹெட்போன்களில் ஒரே மூச்சு

பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் அந்த மையத்தில் பன்னிரண்டு கணினிகள். அவற்றைப் பழுது பார்ப்பவன் நான். கட்டி ஆள்பவர் லேப் அக்கா. அவரைவிட வயதில் மூத்த தையற்காரர்கூட அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார். என்னை அவர் தம்பி என்பார். கோபம் வந்தால் மட்டும் நான் 'சார்' ஆகிவிடுவேன்.

மென்பொருள் விற்க வருகிறவர்களின் பாச்சா அவரிடம் பலிக்காது. வந்தவர் வளவளவென்று பேசிக்கொண்டே இருப்பார். அக்கா காதில் போட்டுக்கொள்ள மாட்டார். வகுப்பிலேயே அதிகம் தடுமாறுகிறவரைக் கூட்டிவந்து கணினி முன்னால் உட்காரவைப்பார். "திரையப் பாக்காதீங்க தம்பி, கையப் பாருங்க" என்பார். கை மவுஸைப் பிடித்துக்கொண்டு அலைந்தால் அந்த மென்பொருள் தேறாது. மடியில் அமைதியாகக் கிடந்தால் தேறும். கரடிக்குட்டி கைதட்டிப் பாராட்டும் ஒன்றை இரண்டே நிமிடத்தில் திருப்பி அனுப்பினார். "நாலு புள்ள பெத்தவருக்குக் கரடி வந்து கைதட்டணுமா?"

இவ்வளவு கறாராகப் பார்த்தும் ஆறு வருடமாக எதுவும் மாறவில்லை. எது வந்தாலும் மென்பொருளுக்கு மதிப்பெண் போடும் படிவத்தில் ஏதாவது குறை எழுதி, பழையதையே வைத்துக்கொள்வார். பழையதில் பேசுவது அவருடைய தங்கை. மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு பாடங்கள். நுரையீரல் நோயோடு, துணி அலமாரியை ஒட்டி உட்கார்ந்து, தங்கை தன் கடைசி வருடத்தில் பதிவு செய்தவை. கடைசிப் பாடம் முடிந்த பதினோராம் நாள் அவர் போய்விட்டார்.

"ஐ லிவ் நியர் த... ஸ்டேஷன்." அந்த இடைவெளியில் ஒரு சின்ன மூச்சிழுப்பு கேட்கும். விஷயம் தெரியாத காலத்தில், ஒலி விட்டு விட்டு வருகிறதென்று நான் இரண்டு தடவை ஹெட்போன் மாற்றினேன். மூன்றாம் தடவைதான் அது தங்கையின் மூச்சு என்று அக்கா வாயைத் திறந்து சொன்னார். அதற்குப் பிறகு காலையில் அந்த அறைக்குள் நுழையவே எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கு முன்னாலேயே வந்து அவர் ஏழாம் எண் கணினியில் உட்கார்ந்திருப்பார். திரை அணைந்திருக்கும். குரல் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை டெலிபோனம்மா வந்தார். ஆஸ்பத்திரியில் போன் எடுத்துப் பேசும் வேலைதான் வேண்டும் என்று பிடிவாதமாகப் படித்ததால் அந்தப் பட்டப்பெயர். மூட்டை தூக்கிக்கொண்டிருந்த கணவருக்கு முதுகு போய், அவர் படுக்கையில் இருந்தார். அன்றுதான் அந்த வேலைக்கான நேர்முகத் தேர்வு முடிந்து டெலிபோனம்மா வந்திருந்தார்.

"உள்ள போய் ரெண்டு வரிதான் பேசினேன்க்கா. மூச்சு வாங்குதான்னு கேட்டு உடனே தண்ணி குடுத்துட்டாங்க. எனக்கு ஒண்ணும் இல்லங்கறேன், நம்ப மாட்டேங்கறாங்க. போன் பண்றவங்க உனக்குத்தான் டாக்டர் தேடுவாங்கன்னு ஒருத்தர் சிரிச்சார்."

வகுப்பும் சிரித்தது. தையற்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "நான் போன இன்டர்வியூலயும் தண்ணி குடுத்தாங்க" என்றார். பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. பிறகு இன்னொன்று. சிரிப்பு நின்றுவிட்டது.

"அடுத்த மாசம் இன்னொரு வாட்டி வரச் சொல்லியிருக்காங்க. அதான் கடைசி" என்றார் டெலிபோனம்மா.

அக்கா பாடத்தைத் தொடங்கினார். நான் மேசைக்கு அடியில் ஒயரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். "ஐ லிவ் நியர் த" என்று பன்னிரண்டு பேரும் சொன்னார்கள். பன்னிரண்டு பேரும் நின்றார்கள். பன்னிரண்டு பேரும் ஒன்றாக மூச்சை இழுத்தார்கள். இத்தனை நாளும் அது ஹெட்போனிலிருந்து கசிகிறது என்றே நினைத்திருந்தேன்.

மறுநாள் அந்த இழுப்புகளை எல்லாம் வெட்டி ஒட்டி, ஒரு பாடத்தைச் சீராக்கிக் கொண்டுபோனேன். அக்கா கேட்டார். ஹெட்போனைக் கழற்றினார்.

"இது யாரு?"

"உங்க தங்கச்சிதான்க்கா."

"இல்ல. இது அவ இல்ல."

எனக்குப் பொறுக்கவில்லை. "வர்றதையெல்லாம் கையப் பாத்து சோதிக்கிறீங்க. இந்தப் பழசை ஒரு தடவையாவது சோதிச்சிருக்கீங்களா? அந்தம்மாவுக்கு இருக்கறது ஒரே ஒரு வாய்ப்பு" என்று கத்திவிட்டேன்.

அக்கா ஹெட்போனை மேசையில் வைத்தார். "அவங்களக் கூப்பிடுங்க சார்" என்றார்.

டெலிபோனம்மா வந்து ஏழாம் எண் கணினியில் உட்கார்ந்தார். திரையில் எழுத்து மட்டும்தான், படம் எதுவும் இல்லை. கைகள் மடியில் கிடந்தன. தேறிவிட்டதோ என்று நினைத்தேன். குரல் நின்ற இடத்தில் வலது கை மெல்ல எழுந்தது. இரண்டு விரல்கள் கழுத்துக்குக் கீழே போய் நெஞ்சை அழுத்தின. குரல் தொடர்ந்ததும் கை இறங்கியது. அடுத்த வாக்கியத்திலும் அப்படியே.

அக்கா அந்தக் கையையே பார்த்தார். "அவளும் அங்கதான் கைய வெப்பா" என்றார். டெலிபோனம்மா தங்கையை ஒரு நாளும் பார்த்ததில்லை.

விற்க வந்த மென்பொருள்களில் ஒன்று நன்றாகவே இருந்தது. இணையம் இல்லாமல் ஓடும், வேகத்தைக் குறைக்கலாம், நாம் பேசியதை நமக்கே திருப்பிக் கேட்கலாம். போன வருடம் அதற்கு அக்கா எழுதிய குறை, 'குரலில் உயிர் இல்லை'. இப்போது அதையே தேர்ந்தெடுத்தார். பழையதற்கான படிவத்தில், 'கையைப் பார்த்தேன். தேறவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"ஒண்ணும் மிச்சம் வெக்காம அழிச்சிடுங்க தம்பி."

தலையாட்டினேன். ஆனால் மனசு கேட்கவில்லை. ஒரு பென்டிரைவில் நூற்றுப் பன்னிரண்டு பாடங்களையும் எடுத்துவைத்தேன். அக்காவின் துக்கம் ஆறியதும் கொடுக்கலாம் என்று எண்ணம்.

மூன்று வாரம் புதுக் குரலோடு டெலிபோனம்மா மல்லுக்கட்டினார். கழுத்தில் ஆஸ்பத்திரி அட்டை தொங்க, ஒரு முற்பகலில் வந்து நின்றார். வகுப்பே ஆரவாரம் செய்தது. அக்கா எழுந்தார். மூன்று மாடியைத் தினமும் விறுவிறுவென்று ஏறி வருகிறவர் அவர். ஒரு நாளும் இருமிக்கூட நான் கேட்டதில்லை.

"ஐ ஆம் வெரி..." என்றார். மூச்சை இழுத்தார். "ஹேப்பி ஃபார்..."

அவருடைய இரண்டு விரல்கள் நெஞ்சில் இருந்தன.

டெலிபோனம்மா ஓடிப்போய் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். அக்கா அதை வாங்கிக் கையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று கொடுத்துவிடலாம் என்று பென்டிரைவைச் சட்டைப்பையில் வைத்துக் கொண்டுபோயிருந்தேன். அதை எடுக்க எனக்குக் கை வரவில்லை.