இன்ஜினுக்கு இட்ட சந்தனம்

போன ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் பன்னீர்ச் செம்பும் கற்கண்டுத் தட்டும் சந்தனக் கிண்ணமுமாக ஒரு சின்னப் பெண் நின்றுகொண்டிருந்தாள். நான் கற்கண்டை மட்டும் எடுத்துக்கொண்டு நழுவப் பார்த்தேன். "சந்தனம் எடுத்துக்குங்க மாமா" என்று கிண்ணத்தை மூக்குக்கு நேராக நீட்டிவிட்டாள். என் மனைவி முந்திக்கொண்டு, "அவருக்கு ஆவாதும்மா" என்றாள். ஏதோ தோல் வியாதி என்று அந்தப் பெண் நினைத்திருக்கும். நினைத்துவிட்டுப் போகட்டும். குழைத்த சந்தனம் மூக்கில் பட்டதும் எனக்கு டீசல் வாசம்தான் வரும் என்று அந்தக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது?

உங்களிடம் சொல்லலாம். இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய சங்கதி. புவனகிரியில் வெள்ளாற்றுப் பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நானும் கலியபெருமாளும் ஒரு டிராக்டர் ஒர்க்ஷாப் வைத்திருந்தோம். இரண்டு பேரும் ஒரே வயது, பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதம். பிறகு என் தங்கை செல்வியை அவனுக்கே கொடுத்தோம். கை வேலை அவனுடையது, வாய் வேலை என்னுடையது. இன்ஜினைப் பிரிப்பான், குடைவான், சேர்ப்பான். நான் வண்டிக்காரருக்கு ஏன் இன்னும் முடியவில்லை என்று விளக்கம் சொல்வேன். யாருக்கு வேலை ஜாஸ்தி என்று எங்களுக்குள் ஒரு வழக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

இன்ஜினை மாட்டி வேலை செய்ய எங்களிடம் ஒரு ஸ்டாண்டு இருந்தது. அதைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக மனசு வரவில்லை. வீடுகளுக்கு இரும்புக் கேட்டு அடிக்கிற வெல்டர் ஒருவர் பழைய போர்வெல் குழாயை அறுத்துச் செய்துகொடுத்தது. அவர் வாழ்நாளில் கேட்டைத் தவிர வேறெதுவும் அடித்ததில்லை. அதனால் ஸ்டாண்டின் உச்சியிலும் பழக்கதோஷத்தில் இரண்டு வேல் முனையை வைத்து வெல்டு பண்ணிவிட்டார். கலியனுக்குக் கோபம். நான்தான் அழகாக இருக்கிறது, இருக்கட்டும் என்றேன். பார்க்க வந்தவர்கள் முருகன் ஸ்டாண்டு என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

பேர் எதுவாக இருந்தாலும் வேலை சரியாக நடந்தது. டிராக்டர் இன்ஜின் கிட்டத்தட்ட முந்நூறு கிலோ கனக்கும். கூரையில் போட்டிருந்த இரும்பு உத்திரத்தில் செயின் பிளாக்கைத் தொங்கவிட்டு இன்ஜினைத் தூக்குவோம். இன்ஜினின் பின்பக்க முகத்தில் மரை போட்ட துளைகள் இருக்கும். ஸ்டாண்டின் தட்டை அதில் ஒட்ட வைத்து நாலு போல்ட்டு முடுக்கினால், முழு பாரமும் அந்த நாலையும் நம்பித்தான் அந்தரத்தில் நிற்கும். கலியனுக்கு இதில் இரண்டு சட்டம். போல்ட்டு முதலில் வெறும் விரலால் எட்டுச் சுற்றாவது உள்ளே போகவேண்டும். போகாத போல்ட்டை ஸ்பேனர் தொடக்கூடாது. இரண்டாவது, முடுக்கியானதும் செயினை ஒரு விரல்கடை மட்டும் தளர்த்திவிட்டு எல்லோரும் டீ குடிக்கப் போய்விட வேண்டும். திரும்பி வரும்போது இன்ஜின் இருந்த இடத்திலேயே இருந்தால்தான் கொக்கியைக் கழற்றலாம். டீக்கடையில் எங்கள் ஒர்க்ஷாப் வளர்ந்த அளவுக்கு ஊரில் வளரவில்லை என்பதற்கு இந்தச் சட்டமும் ஒரு காரணம்.

அந்த வருஷம் ஆடிக் கடைசியில் கொள்ளிடத்தில் தண்ணீர் வந்து குமராட்சிப் பக்கம் வயலும் வீடும் ஒன்றாகிப் போனது. தனபால் என்பவரின் டிராக்டர் மூன்று நாள் தண்ணீருக்குள் நின்றது. இன்ஜினுக்குள் சேறு. அவர் இன்னொரு வண்டியில் கட்டி இழுத்து வந்து சேர்ப்பதற்குள், அங்கே இங்கே அலைந்து, ஆயுத பூஜையே வந்துவிட்டது. "நாத்து முத்திப் போவுது தம்பி. ஒழவு ஓட்டுனாதான் நடலாம்" என்று ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்வார். பூஜைக்கு முதல் நாள் இன்ஜினை இறக்கி டயர் மேல் உட்கார வைத்தோம். பூஜை அன்று கலியன் ஒர்க்ஷாப்பில் இல்லை. செல்விக்கு ஆறு மாதம். ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு வேண்டுதல் இருந்தது, அழைத்துப் போய்விட்டான். கிளம்பும்போது செல்வி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, அவரு எதப் பத்தியும் யோசிக்காம அடியில பூந்துடுறாரு. நீதான் பாத்துக்கணும்" என்றாள். "நான் இருக்கறப்ப என்னா பயம்" என்றேன். வாய் வேலைக்காரன் இல்லையா!

பூஜையை நான் ஒருவனாக நடத்தினேன். ஸ்பேனர், சுத்தியல், செயின் பிளாக், வேல் வைத்த ஸ்டாண்டு எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்தேன். சந்தனம் நிறையக் குழைத்துவிட்டேன். மிச்சத்தைக் கொட்ட மனசில்லை. பெரிய இன்ஜினுக்குப் பெரிய பொட்டு என்று பின் முகத்தில் இருந்த துளை ஒவ்வொன்றிலும் கட்டை விரலால் அழுத்தி அழுத்தி அப்பினேன். மேலே குங்குமம். சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு அழகான இன்ஜினை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

மறுநாள் விஜயதசமி, வெள்ளிக்கிழமை. புது வேலை தொடங்க நல்ல நாள், ஆனால் பத்தரைக்கு ராகு காலம். கலியன் வருவதற்குள் டீசல் துணியால் இன்ஜின் முகத்தைப் பளிச்சென்று துடைத்துவிட்டேன். தட்டு உட்காரும் இடத்தில் தூசி இருந்தாலே கத்துவான். துளைக்குள் இறுகிப் போயிருந்ததை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவும் இல்லை.

அவன் வரும்போதே மணி பத்து. தனபால் செயினை இழுத்தார், இன்ஜின் எழும்பியது, தட்டு போய் உட்கார்ந்தது. கலியன் முதல் போல்ட்டை விரலால் சுற்றினான். மூன்று சுற்றில் நின்றது.

"மச்சான், போவ மாட்டங்குதுடா."

"புது போல்ட்டு அப்படித்தான் இருக்கும். ஸ்பேனரப் போடு. மணி பாரு."

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு ஸ்பேனரைப் போட்டான். நாலு போல்ட்டும் அதே மாதிரி, இன்னும் ஒரு சுற்று போய்க் கெட்டியாக நின்றன. "புடிச்சிக்கிச்சி" என்றான். டீ குடிக்கப் போனால் பத்தரை தாண்டிவிடும், கொக்கியைக் கழற்றிவிட்டால் தொடங்கிய கணக்காகிவிடும் என்று செயினை நானே தளர்த்தினேன். ஒரு விரல்கடை இல்லை, ஒரு முழம். ஸ்டாண்டின் சக்கரம் நகராமலிருக்கக் கலியன் குனிந்து காலால் கட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

துணி கிழிவது போலத்தான் முதலில் சத்தம் கேட்டது. மேல் போல்ட்டு இரண்டும் மரையைப் பிய்த்துக்கொண்டு வந்தன. இன்ஜின் முன்பக்கமாகத் தலை குப்புறச் சாய்ந்தது, கீழ்ப் போல்ட்டும் போனது, செயின் இழுத்துப் பிடித்து உத்திரமே அதிர்ந்தது, ஸ்டாண்டு கவிழ்ந்தது. கழற்றாமல் மிச்சமிருந்த கொக்கிதான் இன்ஜினை அந்தரத்தில் பிடித்திருந்தது. புழுதி அடங்கிப் பார்த்தால் கலியன் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறான். ஸ்டாண்டின் குழாய்க்கு அடியில் அவனுடைய ரப்பர் செருப்பு, ஒற்றைச் செருப்பு, அப்பளம் மாதிரி கிடந்தது. காலை உருவிக்கொண்டான், செருப்பு மட்டும் தங்கிவிட்டது. தனபால் "அம்மா தாயே" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

என் காலடியில் ஒரு போல்ட்டு உருண்டு வந்து நின்றது. எடுத்தேன். நுனியில் ஒரு கட்டி மஞ்சள் ஒட்டிக்கொண்டிருந்தது. சந்தனம். சட்டென்று எல்லாம் புரிந்துபோனது. போல்ட்டு இரும்பைப் பிடிக்கவில்லை, நான் அப்பிய சந்தனத்தில் போய் முட்டிக்கொண்டு பிடித்த மாதிரி நடித்திருக்கிறது. அப்போது நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. போல்ட்டை லுங்கியில் துடைத்துவிட்டேன். மற்ற மூன்றையும் தேடி எடுத்துத் துடைத்தேன். பிறகு, அவர்கள் இரண்டு பேரும் நிலைக்கு வருவதற்குள், டீசலும் கம்பியும் வைத்துத் துளைகளையும் சுத்தம் செய்தேன்.

கலியன் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். "என் மேலதான் தப்பு மச்சான். வெரல்ல போவலன்னா உட்டுருக்கணும். கை புடிச்சிக்கிச்சின்னு சொல்லிச்சே... பொய் சொல்லிடுச்சேடா" என்றான்.

"உடுடா, கண்டம் கழிஞ்சிது" என்றேன் நான். அவ்வளவுதான் சொன்னேன்.

துளைகளுக்குப் புது மரை போட்டுத் தனபாலின் இன்ஜினை முடித்துக் கொடுத்தோம். அவர் உழுதார், நட்டார். கலியன்தான் பழைய கலியனாக இல்லை. ஒரு போல்ட்டை மூன்று தடவை முடுக்குவான். முடுக்கிவிட்டு, "நீ ஒரு தடவ பாத்துடு மச்சான்" என்பான். வாய் வேலைக்காரனைப் போய்க் கேட்கிறான்! அடுத்த வருஷத் தீபாவளிக்குள் வேலையை விட்டுவிட்டுப் பாண்டிச்சேரியில் ஒரு கம்பெனி வாசலுக்குக் காவல் வேலைக்குப் போய்விட்டான். அங்கே முடுக்க எதுவும் இல்லை. அவன் இல்லாத ஒர்க்ஷாப்பை நான் வாயால் ஆறு மாதம் ஓட்டினேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். முதலில் பயம். அப்புறம் வெட்கம். அதற்கப்புறம், இத்தனை நாள் சொல்லாததை இப்போது எப்படிச் சொல்வது என்கிற சோம்பல். மூன்றும் சேர்ந்து இருபத்துநாலு வருஷத்தைத் தின்றுவிட்டன.

போன வருஷம் தங்கைக்குப் பொங்கல் சீர் கொண்டுபோயிருந்தேன். சமையலறையில் கலியன் காஸ் சிலிண்டர் மாற்றிக்கொண்டிருந்தான். எப்போதும் போல "வாடா மச்சான்" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தான். ரெகுலேட்டரை மாட்டினான், ஆட்டிப் பார்த்தான், கழற்றி மறுபடி மாட்டினான். பிறகு, "செல்வி, சரியா மாட்டியிருக்கனான்னு வந்து பாரேன்" என்று கூப்பிட்டான். முழு இன்ஜினைத் தனி ஆளாகப் பிரித்துச் சேர்த்தவன். என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. செல்வி உள்ளே போனதும் அவனை வாசலுக்கு அழைத்துவந்து சந்தனம், போல்ட்டு, லுங்கி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவன் கத்தவில்லை. உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "இத்தினி வருசமா இந்தக் கைய நான் நம்புல" என்றான். பிறகு டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

இந்த வருஷமும் சீர் கொண்டுபோனேன். அவன்தான் கேட்டைத் திறந்தான். "வாங்க. வெய்யில்ல வந்திருக்கீங்க, உக்காருங்க. செல்வி உள்ள இருக்கா" என்றான். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். ஒரு குறையும் வைக்கவில்லை. கிளம்பும்போது பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்து, "பாத்துப் போங்க" என்றான்.

ஒர்க்ஷாப் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. ஸ்டாண்டைப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. அதெல்லாம் காலம் கொண்டுபோனது, யாருக்கும் போவதுதான். "வாடா மச்சான்" போனது மட்டும் என்னால்.