சுவரில் பத்துத் தடவை

ரத்னாபாயின் இரண்டு கைகளும் திங்கட்கிழமை காலைக்குள் தலைக்கு மேலே போயாக வேண்டும். நகரத்தில் கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு பெண்கள் விடுதியில் அவளுக்குத் துப்புரவு வேலை. ஒட்டடை அடிக்கவும் திரைச்சீலை மாட்டவும் கை எட்டவில்லை என்றால் வேறு ஆளைப் பார்ப்பேன் என்று சூப்பர்வைசர் ஷிஜு பத்து நாள் தவணை கொடுத்திருந்தான்.

போனக்காடு தேயிலைத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷம் கொழுந்து பறித்த உடம்பு. கொழுந்துப் பையின் வாரைத் தலையில் மாட்டி மாட்டிக் கழுத்து முன்னால் நீண்டு, தோள்கள் உள்ளே சுருண்டுவிட்டன. மகள் அஞ்சுதான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். சுவரில் முதுகும் பின்தலையும் ஒட்ட நின்று, முழங்கையை மடக்கி, புறங்கைகள் சுவரை விட்டு விலகாமல் மெல்ல மேலே ஏற்றி இறக்க வேண்டும். காலை பத்து, மாலை பத்து. வலித்தால் நிறுத்திவிட வேண்டும்.

"இது என்ன வைத்தியம்டி? சொவரத் தேய்க்கச் சொல்லுதாவ."

"நீ தேச்சுப் பாரும்மா."

வாடகை அறையில் காலியான சுவர் ஒன்றுதான் இருந்தது. அஞ்சு அதிலிருந்த காலண்டரைக் கழற்றினாள்; காலை பத்து, மாலை பத்து என்று ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டினாள். நான்காம் நாள் கைகள் காது மட்டம் தாண்டின. ரத்னாபாய் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தாள்.

சனிக்கிழமை அஞ்சு ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பியபோது, அம்மா தலைசீவ முடியாமல் சீப்போடு உட்கார்ந்திருந்தாள். சேலை முதுகெல்லாம் சுண்ணாம்பு. சுவரில் இரண்டு பக்கமும் இறக்கை விரித்ததுபோல் தேய்ந்த வளைவுகள்.

"எத்தன தடவ செஞ்ச?"

"நீ இல்லாத நேரம்... ஒரு நாளைக்கு எரநூறு இருக்கும்."

"பத்துன்னுதானே சொன்னாவ!"

"பத்து எல்லாருக்கும் உள்ளது மக்ளே. கூடுதல் பறிச்சாத்தானே நமக்கு வல்லதும் நாலு காசு கிட்டும்?"

"வலிச்சா நிறுத்தணும்னும் சொன்னாவல்லா?"

"வலிக்குன்னு நிறுத்தியிருந்தா நீ காலேஜுக்குப் போயிருப்பியா?"

பத்து என்று தாளில் அழகாக எழுதி ஒட்டத் தெரிந்த அஞ்சுவுக்கு, ஏன் பத்து என்று சொல்லத் தோன்றவில்லையே. மூன்று வருஷம் எதைத்தான் படித்தாள்? பட்டம் வாங்கிய பின் அவள் அனுப்பிய விண்ணப்பங்கள் எழுபதைத் தாண்டிவிட்டன. கிடைக்காதபோதெல்லாம் இன்னும் பத்து சேர்த்து அனுப்பினாள். அந்தச் சுவரைத் தேய்த்தவள் அம்மா மட்டும்தானா?

திங்கட்கிழமை விடுதியில் ஜன்னலருகே நின்று ரத்னாபாய் கையைத் தூக்கினாள். வலது கை தோள் மட்டத்திலேயே நின்றுவிட்டது. உதட்டைக் கடித்து உந்தினாள். அப்போதும் ஏறவில்லை.

"மதி சேச்சி, போதும்," என்றான் ஷிஜு, அவள் முகத்தைப் பார்க்காமல்.

"ஒரு மாசம் தா மோனே."

"ஞான் எந்து செய்யும் சேச்சி? மேடம் சம்மதிக்கூல்லா."

வெளியே வந்ததும் ரத்னாபாய் பையை அங்கே காத்திருந்த மகளிடம் கொடுத்துவிட்டு விடுதியின் மதிலில் சாய்ந்து நின்றாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எண்ணு."

"இங்கயா? வேண்டாம்மா."

"எண்ணுட்டி."

ஒன்று. இரண்டு. மூன்றாவதில் ரத்னாபாயின் முகம் கோணியது.

"வலிக்கா?"

"இல்ல."

"அம்மா."

கைகள் கொஞ்சநேரம் அப்படியே நின்றன. பிறகு மெல்ல இறங்கின.

"வலிக்கு மக்ளே," என்றாள் ரத்னாபாய். "நல்லா வலிக்கு."

இத்தனை வருஷத்தில் அம்மா அப்படிச் சொல்லி அஞ்சு கேட்டதில்லை. நான்கு என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.