தாஸின் டிஸ்டார்ஷன் சேனல்

மூன்றாவது தடவையும் தாஸ் அதே ஆம்பிளிஃபையரைத் தூக்கிக்கொண்டு படியேறியபோது கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தேன். ராயபுரத்தில் என்னுடையது சின்ன ரிப்பேர் கடை. சர்ச் மைக் செட், மிக்சர், கச்சேரிக்காரர்களின் ஆம்ப், எது வந்தாலும் பார்ப்பேன். ஒரே சாமான் மூன்று முறை திரும்பி வந்தால் பேர் கெட்டுவிடும்.

தாஸ் திருவொற்றியூர் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் யார்டில் கான்ட்ராக்ட் ஆள். வெல்டிங் வைத்த இடத்தை கிரைண்டரால் தேய்த்துச் சமப்படுத்துவது அவர் வேலை. ஓய்ந்த நேரத்தில் ஒரு கச்சேரிக் குழுவில் கிடார் வாசிப்பார். அன்று அவர் மனைவி ரோசியும் கூட வந்திருந்தாள்.

"க்ளீன் சேனல் ஷோக்கா கீதுக்கா. டிஸ்டார்ஷன் போட்டா மட்டும் கம்பளி போத்திகினு வாசிக்கிற மாரி கீது. குழுவுல பசங்க இன்னாடான்னா காத கிழிக்குது, ட்ரெபிள கொறைன்றானுங்க. இதுல கொறைக்க இன்னா கீது?" என்றார் தாஸ்.

முதல் இரண்டு தடவை

அது பழைய டிரான்சிஸ்டர் ஆம்ப். முதல் தடவை வந்தபோது நிஜமாகவே பழுது இருந்தது. டிஸ்டார்ஷன் சேனலில் ஓர் ஐ.சி. கிடார் சிக்னலைப் பல மடங்கு பெருக்கும். அடுத்துள்ள இரண்டு டயோடுகள் அந்த அலையின் தலையை வெட்டும். அந்த வெட்டில்தான் கரகரப்பு பிறக்கிறது. ஐ.சி.யை ஒட்டியிருந்த கப்பாசிட்டர் காய்ந்துபோய், சிக்னலைச் சரியாக விடவில்லை. மாற்றினேன். வால்யூம் கன்ட்ரோலில் உப்புக்காற்று ஏறியிருந்தது, கிளீனர் அடித்தேன். அலையைத் திரையில் காட்டும் ஸ்கோப்பில் அது தலை வெட்டுப்பட்டு ஒழுங்காக நின்றது. கிடாரை மாட்டினால் உறுமியது.

தாஸுக்குத் திருப்தி இல்லை. இரண்டாவது தடவை ஐ.சி.யையும் டயோடுகளையும் மாற்றினேன். வேறு ஸ்பீக்கரில் போட்டும் பார்த்தேன். என் காதுக்குக் குறை எதுவும் தெரியவில்லை. அவர் மட்டும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் போனார்.

ஜெனரேட்டர்

மூன்றாவது தடவை வாதாட மனமில்லை. வேண்டிய சுருதியைத் தனியாக எழுப்பும் சிக்னல் ஜெனரேட்டரை ஆம்பின் இன்புட்டில் கொடுத்தேன். கீழே இருந்து மேலே ஒவ்வொரு சுருதியாகத் தள்ளினால் ஆம்ப் எங்கே படுக்கிறது என்று தெரியும்.

"எங்க சத்தம் கொறையுதோ, அங்க கைய தூக்குங்க" என்றேன்.

அடித்தொண்டைச் சத்தத்தில் தொடங்கி மெதுவாக ஏற்றினேன். விசில் போல வரும் இடத்தில் தாஸ் கையைத் தூக்கினார். ஸ்கோப்பைப் பார்த்தேன். அலையின் உயரம் கொஞ்சமும் குறையவில்லை. இன்னும் ஏற்றினேன். நாலாயிரம் ஹெர்ட்ஸை நெருங்கும்போது ரோசி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். பக்கத்துக் கடை டெய்லர் எட்டிப் பார்த்து முறைத்தார்.

தாஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன்க்கா நிறுத்திட்டீங்க?"

நான் நிறுத்தவில்லை. ஆம்ப் வீறிட்டுக்கொண்டிருந்தது.

"இன்னாயா, இது கேக்கலியா உனுக்கு?" என்றாள் ரோசி.

"இன்னாது?"

சுவிட்சை அணைத்தேன். திரும்பப் போட்டேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கிடாரின் சாதாரண நாதம் கீழே இருப்பது, அதனால் க்ளீன் சேனல் அவருக்குக் கேட்டது. டிஸ்டார்ஷனின் கூர்மை முழுக்க மேலே இருப்பது. அந்த மேல்பகுதி கிரைண்டர் சத்தத்தில் அவர் காதிலிருந்து போய்விட்டது.

"யார்டுல காதுக்கு இன்னா போடுவீங்க?" என்று கேட்டேன்.

"மொதல்ல பஞ்சு வெச்சிகினு இருந்தேன். சூப்பர்வைசர் கூப்டா கேக்கல, திட்னாரு. அப்பால அதையும் வுட்டுட்டேன்." டெய்லர் கடைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "வெளிய யாராண்டயும் சொல்லாதீங்கக்கா."

"பின்னால லாரி ரிவர்ஸ்ல வந்தா இன்னா பண்ணுவ?" என்றாள் ரோசி.

யார்டு கேட்

பெரியாஸ்பத்திரியில் தாஸின் காதைப் பரிசோதித்தார்கள். காது நரம்பு கெட்டுவிட்டது, போனது திரும்பாது, மிச்சத்தையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். தாஸ் மறுநாளே வேலைக்குப் போய்விட்டார். ரோசிக்குப் பொறுக்கவில்லை. அவரிடம் சொல்லாமல் யார்டுக்குப் போய், காதுக்கு மூடி கொடுங்கள், இல்லையென்றால் வேறு வேலை கொடுங்கள் என்று கேட்டாள். சூப்பர்வைசர் அவளை உட்காரவைத்துப் பொறுமையாகத்தான் கேட்டாராம். அடுத்த நாள் கேட்டிலேயே தாஸின் நுழைவு பாஸை வாங்கிக்கொண்டார்கள்.

"காது கேக்காத ஆள உள்ள வுட்டு, நாளைக்கி எதுனா ஆச்சுன்னா எவன் பதில் சொல்றது?" இதுதான் தாஸுக்குச் சொல்லப்பட்ட காரணம்.

தாஸ் ஆம்பை எடுத்துப்போக வந்தார். "நீங்க அந்த மிஷின வெக்கிற வரைக்கும் எனுக்கு நல்லாத்தான் கேட்டுகினு இருந்துச்சு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

டிஸ்டார்ஷன், ட்ரெபிள் கன்ட்ரோல்களை என் காதுக்குச் சரியாக வைத்து, வெள்ளை பெயின்ட்டால் கோடு போட்டுக் கொடுத்தேன். "இத தாண்டாதீங்க. உங்களுக்கு மந்தமாத்தான் கேக்கும். எதிர்ல நிக்கிறவங்களுக்கு சரியா இருக்கும்."

இப்போது காசிமேட்டில் மீன்பிடி போட்டுகளுக்கு ஐஸ் ஏற்றுகிறார். கச்சேரிக்கும் போகிறார். ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். சோலோ வாசிக்கும்போது கண்ணை டிரம்மர் முகத்திலிருந்து எடுக்கவே இல்லை. சத்தம் சரியாக வருகிறதா என்பதை அங்கேதான் தெரிந்துகொள்கிறார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இது. சத்தம் மந்தம் என்று யாராவது வந்தால், ஸ்க்ரூவைக் கழற்றுமுன் அவர் என்ன வேலை செய்கிறார் என்று கேளுங்கள். ஜெனரேட்டர் போடும்போது கூட வந்தவரை வெளியே நிற்கச் சொல்லுங்கள். தெரிந்ததை அவரிடம் மட்டும் சொல்லுங்கள். யாரிடம் சொல்வது என்பது அவர் பாடு.

ரோசி இதை ஒத்துக்கொள்வதில்லை. "வேல போனா போவுது. லாரி ஏத்தி, பொணமா வூட்ல கொண்ணாந்து போட்டுருந்தா, நீங்களா வந்து பாத்துருப்பீங்க?" என்று கேட்டாள். ஆனாலும் அதற்குப் பிறகு ஜெனரேட்டரை எடுத்தால் கூட வந்தவர்களை வெளியேதான் நிறுத்துகிறேன்.