மேகம் என்று நீக்கிய புகை

வானத்துக்கு லேசர் ஒளியை அனுப்பி, அது தூசியில் பட்டுத் திரும்புவதைப் பதிவு செய்வது என் தொழில். நாடு முழுக்க இதற்கு நிலையங்கள் அமைக்கிறோம். பெங்களூரு என் பொறுப்பு. கருவிகளோடு மல்லுக்கட்டிப் பிழைப்பவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

துணி

எங்கள் கருவி காக்ஸ் டவுனில் ஒரு கல்லூரி மொட்டைமாடியில் இருக்கிறது. அதன் கண்ணாடியைத் தினமும் காலையில் துடைப்பவர் மேரியக்கா. துணியில் எவ்வளவு கறுப்பு என்று என்னிடம் காட்டிவிட்டுத்தான் கீழே இறங்குவார். நான் தலையாட்டுவேனே தவிர, எதையும் எழுதிவைத்ததில்லை.

“உங்க மிஷின் சொல்றதுக்கு முன்னாடி இது சொல்லிடும் சார்.”

மேகம்

ஜனவரியில் கல்லூரிக்குப் பின்தெருவில் குப்பைமேடு பற்றிக்கொண்டு நாள்கணக்கில் புகைந்தது. மேரியக்காவின் வீடு அங்கேதான். எட்டு வயது மகள் ஜாஸ்மினுக்கு மூச்சிரைப்பு. தீயை அணைக்கச் சொல்லி வார்டு ஆபீசுக்குப் போனதற்கு ஆதாரம் கேட்டார்களாம். கருவியில் பதிவானதைத் தர முடியுமா என்று கேட்டார். ரொம்பப் பெருமையாக வரைபடத்தை அச்சிட்டேன். அந்த நாட்கள் மட்டும் வெறுமையாக இருந்தன. அடர்த்தியாகத் தெரிவதை மேகம் என்று நீக்கிவிடும்படி மென்பொருளில் விதி எழுதியவன் நான்தான். புகையும் அதோடு போயிருந்தது.

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வெயிலு சுள்ளுனு அடிச்சுது சார். மேகம் எங்க இருந்து வந்துச்சு?”

விதி

மூலத் தரவு நல்லவேளையாக அழியவில்லை. விதியைத் திருத்தி எல்லாவற்றையும் மறுபடி கணக்கிட ஒரு வாரம் பிடித்தது. கூட வேலை செய்யும் நாகராஜ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சமாதானம் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

“எல்லா ஊர்லயும் இதே ரூல்தானே சார் ஓடுது?”

ஆஸ்பத்திரி

புதிய வரைபடத்தில் புகை தெளிவாகத் தெரிந்தது. கொண்டுபோனபோது ஜாஸ்மின் ஆஸ்பத்திரியில் சேர்ந்து நான்கு நாளாகியிருந்தது. முகத்தில் மூச்சுக்கவசத்தோடு என்னைப் பார்த்தாள். என்னை மன்னித்துவிடுங்கள் என்று மேரியக்காவிடம் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

“இத முன்னாடியே குடுத்திருந்தா அணைச்சிருப்பாங்க இல்ல, சார்?”

ஜாஸ்மின் பிறகு வீடு திரும்பினாள்; இப்போது எந்த ஊர் நிலையத்திலும் மேகம் என்று எதையும் நீக்கும் முன் கண்ணாடி துடைத்தவரிடம் துணியின் நிறத்தைக் கேட்டு எழுதுகிறோம், ஏனென்றால் எங்கள் மாபெரும் லேசர் வலையமைப்பில் இதுவரை பிழை செய்யாதது அந்தத் துணி ஒன்றுதான்.